மதுவிலக்கு வந்தது, மருத்துவம் எப்போது வந்தது?

சாயல்குடி வட்டாரம் பனைக்குப் பேர்போனது. பாளையைச் சீவிக் கலயம் கட்டும்போது உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் கள். பனையேறியைத் தொழிலாளி என்றும் குற்றவாளி என்றும் சட்டம் பிரித்துப் பார்த்தது இந்தச் சுண்ணாம்பை வைத்துத்தான்.

தமிழ்நாட்டு மதுவிலக்கின் வரலாறு பெரும்பாலும் கடைகளின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் ராஜாஜி அதைத் தொடங்கினார். கள்ளுக்கடை வருமானம் போனதை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. (பி.காம். மாணவர்கள் பாடமாகப் படித்த அந்த வரிக்குப் பின்னால் ஒரு கள்ளுக்கடை இருக்கிறது!) 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971-இல் கருணாநிதி கடைகளைத் திறந்தார், 1974-க்குள் அவரே மூடினார். 1981-இல் எம்.ஜி.ஆர். மீண்டும் திறந்தார். 1983-இல் டாஸ்மாக் நிறுவனம், 1987-இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை, 2003-இல் சில்லறை விற்பனையும் அரசின் கையில்.

கடையைத் திறந்தாலும் மூடினாலும், குடித்துப் பழகிய உடம்பு அப்படியேதான் இருந்தது. பல வருடம் அளவு மீறிக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். இதற்குத் தேவை மருத்துவர். போலீஸ்காரர் அல்ல.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் சொல்வது அதைத்தான். ஆனால் கிராமத்துக் கூலிக்காரர் எப்படிச் சென்னை போவார்? அதனால் 1989-இல் மருத்துவமனையே கிராமத்துக்குப் போனது. அன்றைய தஞ்சை மாவட்டத்தின் மஞ்சக்குடியில் 15 நாள் முகாம். மருந்தோடு ஆலோசனையும் உண்டு, வீட்டாருக்கும் சேர்த்து. இந்த வரலாற்றில் சேலத்துக்குக் கிடைத்த இடம் மஞ்சக்குடிக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

ராமநாதபுரம் கடற்கரையின் கதை வேறு. சாயல்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் வழியில் இருக்கிறது ஏர்வாடி. அங்கே ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அருகில் சிகிச்சை இல்லாதபோது குடும்பங்கள் எங்கே போய் நிற்கும் என்பதை நாடே அன்று பார்த்தது. பிறகு உரிமம் இல்லாத காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டு வந்து, அரசிடம் சிகிச்சை பெறுவதை உரிமை ஆக்கியது. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

உரிமை வந்தாலும் கூலி போகுமே! பங்குனி, சித்திரையில் பாளையைத் தினமும் சீவியாக வேண்டும். அந்த நேரத்தில் குடியை விட நினைக்கும் பனையேறி ராமநாதபுரம் போய் இரண்டு வாரம் படுத்திருக்க முடியாது. மஞ்சக்குடி மாதிரி ஒரு முகாம் இங்கே நடத்துவதென்றால் ஐப்பசி, கார்த்திகைதான் சரியான நேரம். அப்போது மரமும் ஓய்ந்திருக்கும், ஆளும் ஊரில் இருப்பார்.