கணினி ரயில் ஏன் திணறுகிறது? ஒரு சின்ன வரலாறு



உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் யாராவது கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் கேம் விளையாடுகிறார்களா? அப்படியானால் இந்தப் புகாரையும் கேட்டிருப்பீர்கள். "வண்டி வெட்டவெளியில் நன்றாக ஓடுகிறது. பெரிய ஸ்டேஷன் வந்தால் திக்கித் திக்கி நிற்கிறது." கடைக்காரர் உடனே கிராபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்வார். பணத்தை எடுத்து வைக்கும் முன் இந்தப் பதிவைப் படித்துவிடுங்கள். வகுப்பில் நான் எப்போதும் சொல்வதுதான்: விளைவைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதக் கூடாது, காரணத்தைத் தேட வேண்டும். இந்தத் திணறலின் காரணம் இருபது, இருபத்தைந்து ஆண்டு வரலாற்றில் இருக்கிறது.

2001-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'டிரெயின் சிமுலேட்டர்' என்ற கேமை வெளியிட்டது. உருவாக்கியது இங்கிலாந்தின் குஜு நிறுவனம். இங்கிலாந்து, ஆஸ்திரியா, அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நான்கு நாடுகளில் ஆறு தடங்கள். அதே காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து 'டிரெயின்ஸ்' என்ற இன்னொரு கேமும் வந்தது. நீண்ட தூர ரயில் பயணம் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் வந்தது பெரும்பாலும் இந்த இரண்டின் மூலம்தான்.

கார் பந்தய கேமில் ஒரே வட்டப் பாதை திரும்பத் திரும்ப வரும். விமான கேமில் பூமி கீழே தூரத்தில் தெரியும். ரயிலில் அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நிலம், தரையோடு தரையாக, சன்னலுக்கு வெளியே மரமும் வீடும் மின்கம்பமுமாக ஓட வேண்டும். நாற்பது பெட்டி என்றால் ஒவ்வொன்றின் எடை, இணைப்பின் இழுவை, பிரேக் குழாயில் காற்றழுத்தம் எல்லாவற்றையும் கணக்கிட வேண்டும். எதிரே வரும் வண்டிகளும் சிக்னல்களும் வேறு. இந்தக் கணக்கு வேலை பெரும்பாலும் ப்ராசஸருடையது. அது கணக்கிட்டுச் சொல்வதைப் படமாக வரைவது கிராபிக்ஸ் கார்டு. வரையச் சொல்லும் கட்டளையும் ஒவ்வொரு பொருளுக்கும் ப்ராசஸரிடமிருந்தே போக வேண்டும். பெரிய ஸ்டேஷனில் பொருள்கள் அதிகம், வண்டிகள் அதிகம், கட்டளைகளும் அதிகம். திணறல் அங்கே வருவது இதனால்தான்.

இனி ப்ராசஸரின் கதைக்கு வருவோம். 1993-ல் வந்த முதல் பென்டியத்தின் வேகம் 60 மெகாஹெர்ட்ஸ். 2000 மார்ச்சில் ஏ.எம்.டி.யும் இன்டெலும் சில நாள் இடைவெளியில் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டன. ஏழு ஆண்டில் பதினாறு மடங்கு! 2004-ல் பென்டியம் 4 வகை 3.8 கிகாஹெர்ட்ஸை எட்டியது. அந்தக் காலத்தில் கேம் எழுதியவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இன்று கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் பாதகமில்லை, இரண்டு வருடத்தில் வேகமான சில்லு வந்து சரியாகிவிடும். அதனால் எல்லா வேலையையும் ஒரே வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்படி எழுதினார்கள்.

அந்த நம்பிக்கை 2004-ல் உடைந்தது. வேகத்தைக் கூட்டக் கூட்டச் சில்லு சூடானது, மின்சாரமும் கசிந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கொண்டுவரும் திட்டத்தை அந்த ஆண்டே இன்டெல் கைவிட்டது. 2005-ல் இரண்டு நிறுவனங்களும் வேறு வழியில் இறங்கின. ஒரே சில்லில் இரண்டு ப்ராசஸர், அதாவது இரண்டு 'கோர்'. பிறகு நான்கு, எட்டு என்று பெருகியது. வேகமோ இருபது ஆண்டு கழித்தும் உச்சத்தில் 6 கிகாஹெர்ட்ஸ் அளவில்தான் நிற்கிறது. ஒரு துடிப்பில் செய்யும் வேலை கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் அந்தப் பழைய பாய்ச்சல் திரும்பவில்லை.

எட்டு கோர் இருந்தால் எட்டு மடங்கு வேகம் வராதா என்று கேட்பீர்கள். ஜீன் ஆம்டால் என்ற பொறியாளர் 1967-லேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். பிரித்துக் கொடுக்க முடியாத வேலை எவ்வளவு இருக்கிறதோ, அதுதான் மொத்த வேகத்துக்கும் எல்லை. கல்யாண வீட்டில் காய் நறுக்கப் பத்துப் பேர் உட்காரலாம். உலையில் அரிசி வேக ஆகும் நேரம் பத்துப் பேர் நின்றாலும் அதேதான். ஒரே வரிசையில் எழுதிய பழைய கேமுக்கு ஒரு கோர் மூச்சு வாங்கும், மற்ற ஏழும் சும்மா இருக்கும்.

அடுத்தது நினைவகம். பழைய 32 பிட் முறையில் 4 ஜி.பி.க்கு மேல் முகவரி எழுதவே முடியாது. ஒரு ப்ரோகிராமுக்கு விண்டோஸ் வழக்கமாகக் கொடுத்தது அதில் பாதி. உங்கள் கம்ப்யூட்டரில் 32 ஜி.பி. ரேம் இருந்தாலும் அந்த கேமுக்கு அது பயன்படாது. குஜு 2007-ல் செய்த 'ரயில் சிமுலேட்டர்' அந்தக் காலத்துப் படைப்பு. அதன் வாரிசாக ஆண்டுதோறும் புதுப் பெயரில் வந்த டவ்டெயில் நிறுவனத்தின் 'டிரெயின் சிமுலேட்டர்', 2018-ல்தான் 64 பிட் வடிவம் பெற்றது. கட்டடத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டே இருந்தார்கள், அஸ்திவாரம் பழையது.

மூன்றாவது ஹார்ட் டிஸ்க். மைக்ரோசாஃப்ட் கேமில் உலகம் 2048 மீட்டர் சதுரங்களாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு சதுரத்தைக் கடக்க 74 விநாடி. 200 என்றால் 37 விநாடி. அதற்குள் அடுத்த சதுரத்தை டிஸ்கிலிருந்து எடுத்து வைத்தாக வேண்டும். சுழலும் தட்டில் ஊசி தேடிப் போய் எடுக்கும் நேரத்தில் படம் உறைந்து நிற்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

இவற்றைச் சரிசெய்ய முயன்றவர்களும் உண்டு. ஆர்வலர்கள் சேர்ந்து இலவசமாக உருவாக்கிய 'ஓப்பன் ரெய்ல்ஸ்' பிறகு 1.0 என்ற நிலையை எட்டியது. மைக்ரோசாஃப்ட் கேமுக்காக வரைந்த பழைய தடங்களையே அது ஓட்டும். கணக்கிடுவது, படம் வரைவது, சதுரங்களை ஏற்றுவது, ஒலி என்று வேலையைப் பிரித்துத் தனித்தனி வரிசையில் கொடுத்தார்கள். கைவிடப்பட்ட ஒரு கேமுக்கு, சம்பளம் வாங்காதவர்கள் புதிய இதயம் பொருத்தினார்கள். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் இது.

இந்த மூன்று காரணங்களையும் தெரிந்துகொண்டால் சோதனை எளிது. என் பழைய மாணவர் ஒருவர் மகனுக்காகச் சீட்டு எடுத்த பணத்தில் 25,000 ரூபாய்க்கு கிராபிக்ஸ் கார்டு வாங்க இருந்தார். "வாங்கலாமா, சார்?" என்று கேட்டார். முதலில் இவற்றைப் பார்க்கச் சொன்னேன்.

ஒன்று, கேமில் திரையின் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். ஓட்டம் நன்றாக வேகமானால் குறை கிராபிக்ஸ் கார்டில். மாறவே இல்லையென்றால் ப்ராசஸரில். அவருக்கு மாறவில்லை.

இரண்டு, டாஸ்க் மேனேஜரில் மொத்த சதவீதத்தை நம்பாதீர்கள். எட்டில் ஒன்று முழுதாகத் திணறினாலும் மொத்தம் 13 சதவீதம் என்றுதான் காட்டும். கோர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். அவருக்கு ஒன்று உச்சியில் இருந்தது, மற்றவை தூங்கின.

மூன்று, திணறல் எந்த வகை? எப்போதும் மெதுவாக இருக்கிறதா, அல்லது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே விட்டு விட்டு உறைகிறதா? விட்டு விட்டு உறைந்தால் டிஸ்கைச் சந்தேகியுங்கள். அவருடைய கேம் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது.

நான்கு, லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியிருக்கிறதா, மின்விசிறியில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சூடானால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அரை மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு சோர்ந்தால் இதுவாக இருக்கலாம்.

அவர் கார்டு வாங்கவில்லை. ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி கேமை அதற்கு மாற்றினார். 64 பிட் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து, காட்சிப் பொருள்களின் அடர்த்தியை இரண்டு படி குறைத்தார். விட்டு விட்டு உறைவது நின்றது. பெரிய ஸ்டேஷனில் இன்னும் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது, அது அந்த அஸ்திவாரத்தின் குணம். மிச்சப் பணம் பையனின் கல்லூரிக் கட்டணத்துக்குப் போனது.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 2017-ல் அன்ரியல் எஞ்சினில் வந்த 'டிரெயின் சிம் வேர்ல்ட்' போன்ற புதிய கேம்களில் கிராபிக்ஸ் கார்டே உண்மையில் போதாமல் போகலாம். அதனால்தான் சோதனை முதலில், செலவு பிறகு. எந்த ஆண்டு எழுதிய கேம் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வேறு கேம்களில் இதே தொல்லை உள்ளவர்கள் கேமின் பெயர், வந்த ஆண்டு, முதல் மூன்று சோதனைகளின் முடிவு ஆகியவற்றைக் கீழே எழுதுங்கள். சேர்ந்து காரணம் தேடுவோம்.