வானவில் டிரவுட்

வானவில் டிரவுட் (ஓங்கோரிங்கஸ் மைகிஸ்) சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த குளிர்நீர் மீன். ரஷ்யாவின் கம்சட்கா ஒருபுறம், அலாஸ்கா முதல் கலிபோர்னியா வரை மறுபுறம் என வடபசிபிக்கின் இரு கரைகளும் இதன் தாயகம். சில மீன்கள் பிறந்த ஆற்றிலேயே ஆயுளைக் கழிக்கும். சில கடலுக்குப் போய்ப் பெருத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். கடல் போய்வரும் மீனுக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர்; இனம் ஒன்றுதான். பசிபிக் சால்மன்கள் ஒருமுறை முட்டையிட்டதும் செத்துப்போகும். ஸ்டீல்ஹெட் பிழைத்து மறுபடி கடலுக்குப் போவதுண்டு. 1970-இல் அலாஸ்காவின் பெல் தீவருகே தூண்டிலில் சிக்கிய மீன் 19.1 கிலோ எடையிருந்தது.

 தமிழகத்தின் கோவளம், மாமல்லபுரம் கடற்கரைகளில் தூண்டில் போட்டால் வஞ்சிரம் கிடைக்கும், பாரை கிடைக்கும், டிரவுட் கிடைக்காது. வங்கக் கடலின் மேல்நீர் பெரும்பாலும் 26 டிகிரி செல்சியஸுக்கு மேல்; டிரவுட்டுக்கு ஒத்துவருவது 10 முதல் 16 டிகிரி வரை. 25-ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. வெதுவெதுப்பான நீரில் உயிர்வளி குறைவாகக் கரைவதும் இதற்கு ஒரு காரணம். ஆகவே தமிழகத்தில் இந்த மீனைத் தேடுபவர் கடலை விட்டுவிட்டு நீலகிரி ஏற வேண்டும்.

இனங்காணல்

உடலோரத்தில் செவுள் மூடியிலிருந்து வால்வரை ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையால்தான் 'வானவில்' என்ற பெயர். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. கடலிலிருந்து புதிதாக ஆறேறிய ஸ்டீல்ஹெட்டில் பட்டையே தெரியாது, உடம்பு முழுக்க வெள்ளி மினுக்கம். வாலைப் பார்ப்பதே உறுதியான வழி. வால்துடுப்பு முழுவதும் கறுப்புப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். பழுப்பு டிரவுட்டின் வாலில் புள்ளி அரிது. அதன் உடலில் வெளிர்வளையம் சூழ்ந்த சிவப்புப் புள்ளிகள் இருக்கும். அடுத்து முதுகுத்துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே கதிரில்லாத சிறு சதைத்துடுப்பு ஒன்று. சால்மன் குடும்பத்தின் அடையாளங்களில் அது ஒன்று. பசிபிக் சால்மனா டிரவுட்டா என்ற ஐயம் வந்தால் குதத்துடுப்பின் கதிர்களை எண்ணலாம்: டிரவுட்டுக்கு 8 முதல் 12, சால்மனுக்கு 13-க்குக் குறையாது.

நம் மீன் கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படும் காலா மீனுக்கும் டிரவுட்டுக்கும் எந்த உறவும் இல்லை. காலாவின் தொண்டைக்குக் கீழே தனித்தனி நூல்களாக இழைகள் தொங்கும், முதுகில் இரண்டு முழுத் துடுப்புகள், சதைத்துடுப்பு கிடையாது. சுவையான மீன், அதற்கு இரவல் பெயர் தேவையில்லை.

நீலகிரிக்கு வந்த கதை

'இந்திய மீன்கள்' நூலை எழுதிய ராணுவ மருத்துவர் பிரான்சிஸ் டே 1860-களிலேயே நீலகிரியில் டிரவுட் வளர்க்க முயன்றார், நிலைக்கவில்லை. சென்னை அரசின் மீன்வளர்ப்பு அலுவலர் எச். சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகே மீன் வேர்பிடித்தது. அங்கே நடப்பது நுணுக்கமான கைவேலை. சினைப்பருவத்துப் பெண்மீனின் வயிற்றை மெல்ல நீவி, முட்டைகளை ஈரமில்லாத கிண்ணத்தில் விழச்செய்வார்கள். ஆண்மீனின் விந்தை அதன்மேல் பிழிந்து இறகால் கலந்து, பிறகே நீர் சேர்ப்பார்கள். 10 டிகிரி ஓடுநீரில் பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம்.

தூண்டில் முறை

டிரவுட்டைச் செயற்கை ஈ கொண்டு பிடிப்பதே மரபு. இறகும் மயிரும் நூலும் கொக்கியில் சுற்றிப் பூச்சிபோல் செய்த இந்த ஈக்கு எடையே இல்லை. அதனால் மற்றத் தூண்டில்போல் ஈயக்குண்டின் பலத்தில் வீச முடியாது. கனமான கயிறே சாட்டையாக நீண்டு ஈயைக் கொண்டுபோகும். நைலான் வருமுன் அந்தக் கயிறு பட்டு நூலால் பின்னப்பட்டது. கொக்கியை ஒட்டிய நுனி நரம்போ பட்டுப்புழுவின் பட்டுச் சுரப்பியைக் காடியில் ஊறவைத்து இழுத்த இழை. ஸ்பெயினின் முர்சியா அதற்குப் பேர்போனது. காஞ்சிபுரத்தில் சேலையாகும் பட்டுக்கு இப்படியும் ஒரு பிழைப்பு இருந்திருக்கிறது. இப்போது நுனிக்கு மெல்லிய தங்கூசி போதும்.

ஓடையில் மீன் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். எனவே ஆள் கீழ்ப்பக்கமிருந்து குனிந்து அணுகி, மேல்நோக்கி வீசி, ஈயை நீரோடு மிதந்துவர விடவேண்டும். நிழல் விழுந்தாலே மீன் ஓடிவிடும். விடியலும் அந்தியும் நல்ல நேரம். தென்மேற்குப் பருவமழையில் முயல்வது வீண்: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. மழைக்காலத்தில் நீர் கலங்கினால் ஈ மீனின் கண்ணுக்கே படாது. திரும்ப விடுவதானால் முள்ளில்லாத கொக்கியும் நனைத்த கையும் அவசியம். காய்ந்த கை மீனின் வழுவழுப்பைத் துடைத்துவிடும், பிறகு நோய் தொற்றும்.

இன்றைய நிலை

வானவில் டிரவுட் உலகின் மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் உள்ளது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த மீன் மலையோடைகளின் சிற்றுயிர்களைத் தின்கிறது என்பதைத் தூண்டில்காரர்களும் ஒப்புக்கொண்டாக வேண்டும். நீலகிரியில் வேட்டையையும் மீன்பிடிப்பையும் கட்டுப்படுத்த 1879-லேயே தனிச்சட்டம் வந்தது. இன்று முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் போட முடியாது. பிற நீர்நிலைகளுக்குப் போகுமுன் வனத்துறையிடமும் மீன்வளத்துறையிடமும் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளவும்.