சாந்து பூசும் உரிமை: கொங்குக் கண்மாளர் ஆணை ஒரு மறுவாசிப்பு

கரூர் பசுபதீசுவரர் கோயில் கல்வெட்டொன்றில், கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் தாங்கிய அரசன் வெங்கால நாட்டுக் கைவினைஞர்களான கண்மாளருக்கு மூன்று உரிமைகள் வழங்குகிறான். நன்மை தின்மைகளில், அதாவது மங்கல, அமங்கல நிகழ்வுகளில், இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டுவிக்கலாம். வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம். வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்த இந்த ஆணை பேரூரிலும் காணப்படுகிறது.

கைவினைஞரின் திறமையை மெச்சி அரசன் அளித்த பரிசாக இதைக் கொள்ளத் தோன்றலாம். சங்கும் செருப்பும் அந்த வாசிப்புக்கு இடம் தரலாம், சாந்து தராது. ஆணை எந்தத் தனி ஆளையும் பெயர் சொல்லிப் பாராட்டவில்லை. ஒரு நாட்டின் கண்மாளர் அனைவரையும் நோக்கிப் பேசுகிறது. பதினைந்தாம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதல் நடைமுறை என்கிறது. இந்த ஆணையை வேண்டிய இடங்களில் கல்லில் வெட்டிக்கொள்ளவும் அனுமதிக்கிறது. இவை பரிசுக்குரிய அடையாளங்கள் அல்ல, விதி மாற்றத்துக்குரியவை. பல இடங்களில் வெட்டிவைக்கும் தேவை இருந்தது என்றால், உள்ளூரில் அதை மறுக்கக்கூடியவர்கள் இருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும். கோயிலுக்குக் கல் செதுக்கியும் கதவு இழைத்தும் தந்தவர்கள் தங்கள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூச அரசனின் ஓலைக்குக் காத்திருந்தார்கள் என்பதே இக்கல்வெட்டு காட்டும் கொடுமை.

முந்தைய தடையை நேரடியாகச் சொல்லும் கல்வெட்டு இங்கே சான்றாகவில்லை என்பது உண்மை. ஆனால் இல்லாத தடைக்கு விலக்கு தேவையில்லை. திருவிதாங்கூரில் நாடார்கள் செருப்பணியவும் மாடி வீடு கட்டவும் 19ஆம் நூற்றாண்டிலும் தடை இருந்தது. செருப்பும் வீடும் அங்கேயும் ஒரே பட்டியலில் நிற்பது தற்செயலாக இருக்க முடியாது. எனினும் கொங்கில் அந்தத் தடையை விதித்தது அரசா, நாட்டார் என்ற உள்ளூர் அவையினரா என்பதை இந்த ஆணை கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது.

காலமும் உறுதியாகவில்லை. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டத்தைச் சோழர், பாண்டியர், கொங்குச் சோழர் எனப் பலர் தாங்கினர். கொங்குச் சோழருள் ஒருவன் என்பது பொருத்தமாகத் தோன்றினாலும், ஆட்சியாண்டு ஒன்றைக் கொண்டு நூற்றாண்டை அறுதியிட முடியாது.

வீடு கட்டும் விதிகளின் பிற்கால வளர்ச்சியைச் சுருக்கமாகவே காட்டலாம். 1866இல் கொங்கின் கோவை நகராட்சியானது. 1920ஆம் ஆண்டு சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின் கீழ் வீடு கட்ட நகராட்சி அனுமதி வேண்டியிருந்தது. சட்டத்தின் பார்வையில் சாதி போய், மனையும் சுகாதாரமும் அளவுகோலாயின. 1961இல் தோன்றிய வீட்டு வசதி வாரியத்தின் வழியே அரசே வீடு கட்டித் தந்தது. 2024இல் அறிமுகமான சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இணையவழியில் உடனே அனுமதி கிடைக்கிறது. அதே ஆண்டின் கலைஞர் கனவு இல்லம் திட்டம் குடிசைவாசிகளுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை வேண்டும் என்கிறது.

உறுதியான பூச்சை ஒரு சாராருக்கு மறுத்த நிலை மாறி, உறுதியான கூரையை ஏழைக்கு வற்புறுத்தும் நிலை வந்திருக்கிறது. கொங்கின் வீட்டுக் கொள்கை வரலாற்றில், அந்த மறுப்பு தளர்ந்ததைக் காட்டும் சான்றாகக் கண்மாளர் ஆணையை வைப்பதே தகும்.