ஆடிப் பார்த்து எழுதின ஆய்வு

நடனத்தில் முதுகலை, கலாநிதிப் பட்டம் எண்டால் எங்கட வீடுகளில் முதலில் வரும் கேள்வி: "ஆடுறதுக்கு எதுக்கு ஆய்வு?" பதில் தேடினால் 1960களின் பேராதனைக்குத்தான் போகவேண்டும்.

1956இல் சரச்சந்திர சிங்கள நாடகம் மரபிலிருந்து 'மனமே'யை மேடையேற்றினார். அதே பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைக் கையில் எடுத்தார். 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை'. மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு. பின்னாளில் அவர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வடமோடிக்கும் தென்மோடிக்கும் கால் வேறு, தாளக்கட்டு வேறு. சலங்கை கட்டி ஆடின ஒருவர் அதை எழுதும்போது ஏட்டை மட்டும் வாசித்தவருக்குப் பிடிபடாத விசயங்கள் வருகின்றன.

ஆனால் இதில் இழப்பும் இருந்தது. ஊரில் வட்டக்களரி, சுற்றிவர ஆக்கள், விடிய விடிய ஆட்டம். பேராதனையில் ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடை, சுருக்கப்பட்ட நேரம். கூத்துக்கு நாடெங்கும் மதிப்பு வந்தது உண்மை. ஆனால் எதை வைப்பது, எதை வெட்டுவது எண்டு முடிவெடுத்தது பல்கலைக்கழகம், ஊர் இல்லை.

2000களில் சி. ஜெயசங்கர் மட்டக்களப்பு சீலாமுனையில் வேறு வழியைப் பிடித்தார். 'கூத்து மீளுருவாக்கம்' எண்ட அந்த வேலையின் முறை பங்குகொள் ஆய்வு. கூத்து ஊரிலேயே, களரியிலேயே நின்றது. பாட்டில் பெண்களையும் சாதியையும் பற்றி வரும் இடங்களை ஊராக்களே இருந்து கதைத்து, கேள்வி கேட்டு மாற்றினார்கள். அங்கே அண்ணாவியார் வெறும் தகவல் சொல்லுபவர் இல்லை, அவரும் ஆய்வாளர்தான்.

இந்த இரண்டு வழியில் ஒன்றைத் தூக்கி எறியச் சொல்ல நாங்கள் வரவில்லை. பேராதனை இல்லாவிட்டால் கூத்து பாடத்திட்டத்துக்குள் வந்திருக்குமோ தெரியாது. எங்களுக்குள் உறுத்துவது வேறு. இண்டைக்கும் பல ஆய்வேடுகளில் ஆட்டத்தைச் சொல்லித்தந்தவரின் பெயர் நன்றியுரையோடு முடிஞ்சு போகுது. எங்களில் யாராவது நாளைக்கு நடனத்தில் ஆய்வு செய்யப் போனால், முதலில் ஒரு தாளக்கட்டையாவது காலில் பழகுவோம். பிறகு எழுதினதைக் கொண்டுபோய் அண்ணாவியாருக்கு வாசித்துக் காட்டுவோம். அவர் "பிழை" எண்டு சொன்னால், அதையும் ஆய்வேட்டில் எழுதுவோம்.