நிலத்தடி நீர் மாசறிதலில் புவி இயற்பியல் முறைகள்

மாசடைந்த நிலத்தடி நீரைத் தூய்மைப்படுத்தும் முன், மாசு பரவியுள்ள இடம், ஆழம், அது நகரக்கூடிய பாதை ஆகியவற்றைத் தரையின் மேலிருந்தே மதிப்பிட உதவுபவை புவி இயற்பியல் முறைகள். கண்காணிப்புக் கிணறு தன் இடத்தின் நிலையை மட்டுமே காட்டும். கிணறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தை அறிய இம்முறைகள் தேவைப்படுகின்றன.

அடிப்படை

உப்புகள் கரைந்த நீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆகவே குப்பைக் கிடங்குக் கசிவோ தோல் ஆலைக் கழிவோ கலந்த நிலத்தில் மின்தடை எண் குறைகிறது. பிரான்சின் கான்ராட் ஷ்லம்பெர்கர் 1912இல் மின்னோட்டத்தால் நிலத்தடியை ஆராய்ந்தார். அமெரிக்கரான ஃபிராங்க் வென்னர் 1915இல் நான்கு மின்முனை அமைப்பை விளக்கினார். இதில் வெளிமுனைகள் இரண்டும் மின்னோட்டத்தைச் செலுத்தும்; உள்முனைகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு அளக்கப்படும். முனைகளின் இடைவெளி கூடினால் எட்டும் ஆழமும் கூடும்.

பிற முறைகள்

மின்காந்தக் கருவிகளுக்கு மின்முனைகளை நிலத்தில் ஊன்ற வேண்டியதில்லை. பரந்த பரப்பை விரைவில் அளக்கலாம். தரை ஊடுருவும் ரேடார் புதைந்த பீப்பாய்களையும் தொட்டிகளையும் காட்டும். களிமண்ணில் அதன் அலைகள் விரைவில் மங்கிவிடும். நில அதிர்வு விலகல் முறை அடிப்பாறையின் ஆழத்தைத் தரும். நீரைவிட அடர்த்தியான கரைப்பான்கள் கீழிறங்கிப் பாறையின் சரிவை ஒட்டி நகரக்கூடும் என்பதால் இத்தகவல் முக்கியமானது.

ஹான்ஃபோர்டு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆற்றங்கரையில் உள்ள ஹான்ஃபோர்டில், 1943 முதல் அணுகுண்டுக்கான புளுட்டோனியத் தயாரிப்பு வளாகம் உருவானது. அங்கு ‘பிசி கிரிப்ஸ்’ எனப்படும் பகுதியில் 1950களில் 10 கோடி லிட்டருக்கும் மேற்பட்ட கழிவுநீர் மண்ணில் விடப்பட்டது. அதில் நைட்ரேட்டும் கதிரியக்கத் தனிமமான டெக்னீசியம்-99உம் இருந்தன. கதிரியக்கம் கலந்த மண்ணில் துளையிடுவது ஆபத்தானது, செலவும் மிகுந்தது. எனவே மின்தடை ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. கருவி உணர்ந்தது டெக்னீசியத்தை அல்ல, நைட்ரேட் உப்பை. இரண்டும் நீரோடு ஏறக்குறைய ஒன்றாக நகர்பவை என்பதால் உப்பின் பரவல் மற்றதற்குச் சுட்டாக அமைந்தது. முடிவுகள் துளையிட்டு எடுத்த மண் மாதிரிகளோடு ஒப்பிடப்பட்டன.

வரம்புகள்

களிமண்ணும் உப்புநீரைப் போலவே குறைந்த மின்தடை காட்டும். புதிதாகக் கசிந்த பெட்ரோல் மின்தடையை உயர்த்தும். நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கத் தொடங்கியபின் மின்தடை குறையலாம். ஒரே அளவீட்டுக்குப் பல நிலத்தடி அமைப்புகள் பொருந்தக்கூடும். மாசு எந்த வேதிப்பொருள், எந்தச் செறிவில் உள்ளது என்பதை நீர், மண் மாதிரிகளின் ஆய்வே உறுதிசெய்யும். அம்மாதிரிகளை எங்கே எடுப்பது என்பதைத் தீர்மானிப்பதே புவி இயற்பியல் ஆய்வின் முதன்மைப் பயன்.