ஒரு போர் வெற்றியும் அதன் கடன் கணக்கும்

நண்பர்களே, வணிகவியல் படிக்கிற எனக்கு வரலாறு படிக்கும்போதும் "இதற்கெல்லாம் பணம் யார் கொடுத்தது?" என்ற கேள்விதான் முதலில் வரும். அப்படித் தேடப்போய் மாட்டிய குடும்பம், இங்கிலாந்தின் மார்ல்பரோ பிரபுக் குடும்பம். வின்ஸ்டன் சர்ச்சில் பிறந்த குடும்பம் என்றால் உடனே புரியும்.

கதை ஜான் சர்ச்சிலிடம் (1650-1722) தொடங்குகிறது. பெரிய சொத்து இல்லாத வீட்டுப் பிள்ளை. படையில் படிப்படியாக உயர்ந்து 1702ல் மார்ல்பரோ டியூக் ஆனார். மனைவி சாரா, ஆன் அரசியின் நெருங்கிய தோழி. 1704 ஆகஸ்ட் 13 அன்று, ஜெர்மனியில் டான்யூப் நதியருகே பிளென்ஹைம் என்ற ஊரில், சவாய் இளவரசர் யூஜினுடன் சேர்ந்து பதினான்காம் லூயியின் பிரெஞ்சுப் படையையும் அதன் கூட்டாளி பவேரியப் படையையும் தோற்கடித்தார்.

அரசிக்கு ஏக மகிழ்ச்சி. ஆக்ஸ்ஃபோர்டு அருகே வுட்ஸ்டாக் நிலத்தைப் பரிசாகக் கொடுத்தார். அரசுப் பணத்தில் அரண்மனை வேலை 1705ல் தொடங்கியது. நிலத்துக்கு வாடகை? ஆண்டுக்கு ஒரு பிரெஞ்சுக் கொடி, அவ்வளவுதான்!

ஆனால் அரசு எவ்வளவு தரும் என்று தெளிவாக எழுதி வைக்கவில்லை. சாராவுக்கும் அரசிக்கும் சண்டை வந்தது. 1711 இறுதியில் டியூக்கின் பதவியும் போனது. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? படைக்கு ரொட்டி கொடுத்த கான்ட்ராக்டரிடம் கமிஷன் வாங்கினார், வெளிநாட்டுப் படைகளின் சம்பளத்தில் 2.5 சதவீதம் பிடித்தார் என்பது. "ஒற்றர்களுக்குச் செலவழித்தேன், அரசியின் கையெழுத்தும் இருக்கிறது" என்றார் அவர். ஒற்றர் செலவுக்கு வவுச்சர் கேட்க முடியுமா, சொல்லுங்கள்!

1712ல் அரசுப் பணம் நின்றபோது சுமார் 2,20,000 பவுண்டு செலவாகியிருந்தது. வேலை செய்தவர்களுக்கு 45,000 பவுண்டு பாக்கி. 1716ல் டியூக் சொந்தப் பணம் போட்டு வேலையைத் தொடர்ந்தார். முடிவதற்குள் இறந்தும் போனார். ஒரே வாரிசான மகன் 1703லேயே அம்மையில் இறந்திருந்ததால், பட்டம் மகள் வழியில் போகத் தனிச் சட்டமே போட்டார்கள்.

பின்னால் வந்தவர்களுக்கு அந்தப் பரிசு பெரும் சுமையானது. 1875ல் ரத்தினச் சேகரிப்பு விலைபோனது. 1880களில் நூலகம் போனது. 1885ல் ரஃபேல் வரைந்த ஓவியம் ஒன்று 70,000 பவுண்டுக்குப் போனது. அப்படியும் போதவில்லை.

கடைசியில் கணக்கைச் சரிசெய்தது ஒரு பெண். அமெரிக்க ரயில்வே கோடீஸ்வரர் வாண்டர்பில்ட்டின் மகள் கான்சுவேலோ. வயது 18. அவள் விரும்பியது வேறொருவரை. தாயின் கட்டாயத்தில் 1895ல் ஒன்பதாவது டியூக்கை மணந்தாள். கூடவே வந்தது 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள், குறைந்தது 4 சதவீத டிவிடெண்ட் உத்தரவாதத்தோடு! வரதட்சணை நம் ஊர் வியாதி மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். 1921ல் விவாகரத்து. 1926ல், "நான்தான் கட்டாயப்படுத்தினேன்" என்று தாயே சாட்சி சொல்ல, திருமணமே செல்லாது என்றானது.

அந்த அரண்மனையில்தான் 1874ல் வின்ஸ்டன் பிறந்தார். அவரும் படைவீரர்தான், 1896ல் பெங்களூருக்குப் பணிக்கு வந்தார். பின்னாளில் நான்கு தொகுதிகள் எழுதி முன்னோரின் பெயரைக் காக்க வாதாடினார். அரண்மனை 1950ல் டிக்கெட் வாங்கும் பொதுமக்களுக்குத் திறந்தது. 1987ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

போரில் வென்றவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு பக்கம் உண்டு, நண்பர்களே. பொறுப்புகள் பக்கத்தில் கூலி பாக்கிக்காரர்களும் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணும் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்தால்தான் வரலாறு டேலி ஆகும் என்று நினைக்கிறேன்.