சிறையாக இருந்த வாசல் பள்ளிக்கூடம் ஆன கதை



இங்கிலாந்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தான். லண்டனுக்கு வடக்கே, செயின்ட் ஆல்பன்ஸ் என்ற ஊரில் உள்ள மடத்தின் வாசல் கட்டடம். 1360களில் கட்டியது. கூடவே, "சார், பழைய சுவரை எல்லாம் எதுக்குக் காப்பாத்தணும்னு எட்டாம் வகுப்புல கேட்டேன். பரீட்சைக்கு வராது, உட்காருன்னு சொல்லிட்டீங்க" என்று எழுதியிருந்தான். சுருக்கென்றது. அவனுக்கான பதிலை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அந்த ஊர் மக்கள் மடத்து மாவு ஆலையில்தான் கூலி கொடுத்துத் தானியம் அரைக்க வேண்டும் என்பது மடத்தின் சட்டம். வீட்டில் திருகை வைத்துக்கொள்ளக் கூடாது. 1330களில் வாலிங்ஃபோர்டு ரிச்சர்ட் என்ற மடாதிபதி, வீடுகளில் இருந்த திருகைக் கற்களைப் பறித்து வந்து மடத்தில் தரையாகப் பதித்துவிட்டார். இவர் வானியல் கடிகாரம் வடிவமைத்த கணித மேதை! படிப்பு இருக்கும் இடத்தில் இரக்கமும் இருக்கும் என்று நம்பிவிட முடியாது, பாருங்கள்.

1381இல் உழவர் கிளர்ச்சி வெடித்தது. ஊர் மக்கள் மடத்துக்குள் புகுந்து அந்தத் தரையைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்துப் பிரசாதம் போல ஆளுக்கொரு துண்டாகப் பகிர்ந்துகொண்டார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. ஊர்த் தலைவர் வில்லியம் கிரிண்ட்காப் தூக்கிலிடப்பட்டார்.

1539இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் மடம் கலைக்கப்பட்டது. கட்டடங்கள் இடிபட்டன. தேவாலயமும் இந்த வாசலும் தப்பின. வாசல் தப்பியது அழகுக்காக அல்ல, சிறைச்சாலையாகப் பயன்பட்டதால். 1871இல் செயின்ட் ஆல்பன்ஸ் பள்ளி அங்கே குடிவந்தது. பின்னாளில் ஸ்டீபன் ஹாக்கிங் படித்தது அந்தப் பள்ளியில்தான். இன்று அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம். அனுமதியில்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது.

தம்பி, மடாதிபதியின் பெயர் ஏட்டில் இருக்கிறது. திருகையைப் பறிகொடுத்த வீட்டுக்காரியின் பெயர் எங்கேயும் இல்லை. அவள் பேரப்பிள்ளைகள் கூடி நின்ற வாசல் மட்டும் இன்னும் நிற்கிறது. காப்பாற்றுவது அதற்காகத்தான். அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தவறு.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கொல்லையில் பாட்டியின் திருகை கிடந்தால், பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒருமுறை சுற்றிக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்